முப்பத்தேழு சதவீதத்தில் ஒரு கல்யாணம்

போன வெள்ளிக்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு ஒரு பட்டனை அழுத்தினேன். ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு என் அண்ணனின் கல்யாணம் கிட்டத்தட்ட நின்றுபோனது.

எட்டே நிமிடம்! ஒரு கப் கோப்பி ஆறுவதற்குள் ஒரு குடும்பத்தைக் கவிழ்த்துவிட முடியும் என்று யாராவது என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம்...

பட்டனில் என்ன எழுதியிருந்தது? வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குக் கேள்வி முடிவதற்குள் பதில் தெரிந்திருக்கும். 'இப்போதே இன்ஸ்டால் செய்.' ஆமாம். அதேதான். நான்கு மாதமாக நான் புலம்பி, நீங்களும் சலித்து, ஒரு வாசகர் "போதும் தாயே, வேறு ஏதாவது எழுதுங்கள்" என்று கடிதமே போட்ட அந்த அப்டேட் — வந்துவிட்டது!

புலம்பலைத் தவறவிட்ட பாக்கியசாலிகளுக்கு மட்டும் கொஞ்சம் முன்கதை.

எங்கள் வீடு பினாங்குத் தீவில், தண்ணீர்மலை அடிவாரத்தில், ஒரு குறுகலான சந்துக்குள் இருக்கிறது. மலைமேல் இருக்கும் முருகனுக்கு ஐந்து கோடு சிக்னல். கீழே இருக்கும் எங்களுக்கு முட்டை. நடுவில் மலை தோளைச் சாய்த்து உட்கார்ந்திருப்பதால் டவரின் பார்வை எங்கள் மீது படுவதே இல்லை. வீட்டுக்குள் போன் அடித்ததாகச் சரித்திரம் கிடையாது. பேச வேண்டுமானால் கேட்டைத் திறந்து, ரோட்டைத் தாண்டி, பெரிய கால்வாய் ஓரத்தில் இருக்கும் விளக்குக் கம்பத்தைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே மட்டும் இரண்டு கோடு கிடைக்கும்.

எங்கள் சந்தில் எல்லாரும் அங்கேதான் நின்று பேசுவோம். யார் வீட்டில் யாருக்குப் பிரஷர், யாருடைய மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் — அத்தனையும் அந்தக் கம்பத்துக்குத் தெரியும்.

இதற்கு மருந்து ஒன்று இருக்கிறது. வைஃபை காலிங். டவர் கிடைக்காவிட்டால் போகட்டும். வீட்டு வைஃபை வழியாகவே சாதாரண போன் கால் வரும், போகும். வாட்ஸ்அப் இல்லை — நிஜமான கால். பட்டன் போன் வைத்திருப்பவர்கூட நம்மைக் கூப்பிடலாம். ஆனால் அதற்குப் போனில் புது சாஃப்ட்வேர் வர வேண்டும். போன் கம்பெனி அதை நான்கு மாதத்துக்கு முன்பே வெளியிட்டுவிட்டது. மற்ற டெல்கோக்களின், அதாவது சிம் கொடுக்கும் கம்பெனிகளின், ஆட்களுக்கெல்லாம் வந்தும்விட்டது. எங்கள் டெல்கோ மட்டும் — பெயர் வேண்டாம், இன்னும் அந்த சிம்மில்தான் இருக்கிறேன் — 'படிப்படியாக வழங்கப்படும்' என்றது.

படி எத்தனை? தண்ணீர்மலையிலேயே இதைவிடக் குறைவான படிதான் இருக்கும்!

இந்த டெல்கோக்களின் வேலையை இப்படிச் சொல்லலாம். சமைத்தவர் வேறு. பசித்தவர் வேறு. நடுவில் ஒருவர் கரண்டியோடு நின்றுகொண்டு, "இருங்க, உப்பு பார்க்கிறேன்" என்கிறார். சரி, பாருங்கள். நான்கு மாதமாகவா உப்பு பார்ப்பது?

அவர்களுடைய வலைத்தளத்தில் ஒரு சாட் பொம்மை இருக்கிறது. எத்தனை திட்டினாலும் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று சிரிக்கும். என்னிடம் இல்லாத ஒன்றுக்கு எனக்கு இத்தனை முறை நன்றி சொன்னவர் வேறு யாரும் கிடையாது.

இங்கேதான் விதி உள்ளே நுழைகிறது.

அந்தக் கரண்டி யார் கையில் இருக்கிறது தெரியுமா? என் அண்ணன் தினேஷ் கட்டிக்கொள்ள ஆசைப்படும் சுகன்யா அக்காவின் கையில்!

சுகன்யா அக்கா அதே டெல்கோவில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறார். ஆபீஸ் காடியில், ஸ்டீயரிங் பக்கத்தில் ஆறு போன்களை வரிசையாக மாட்டிக்கொண்டு தீவு முழுக்கச் சுற்றுவதுதான் வேலை. எங்கே கால் போகிறது, எங்கே அறுகிறது என்று குறிப்பார். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கம்பத்தடியிலும் வந்து நிறுத்தினாராம். தினேஷ் அங்கே நின்று ஆபீசுக்குப் பேசிக்கொண்டிருந்தவன், ஆறு போனையும் பார்த்துவிட்டு, "ஆறு எதுக்குங்க?" என்று கேட்டிருக்கிறான்.

"ஆறுலயும் லைன் இல்லன்னு கன்ஃபர்ம் பண்ணத்தான்" என்றாராம் அக்கா.

அதோடு அண்ணன் காலி. எங்கள் சந்தின் மோசமான சிக்னலால் நன்மை அடைந்த ஒரே மனிதன் அவன்.

எதிரியின் கோட்டைக்குள்ளேயே ஆள் கிடைத்துவிட்டால் சும்மா இருக்க முடியுமா? அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவேன்.

"அக்கா, ஒரே ஒரு டேட் சொல்லுங்க. தலையாவது ஆட்டுங்க."

"பவி, ஆபீஸ் விஷயம் வெளிய சொல்லக்கூடாதுலா."

"நான் வெளியாளா?"

"பத்திரிகைல எழுதுற ஆளு நீ. உன்னைவிட வெளியாள் யாரு இருக்கா?"

சரியான அடி. அதற்கப்புறம் நான் கேட்கவில்லை என்று நினைக்கிறீர்களா? வாரத்துக்கு மூன்று முறை கேட்டேன். "பவி, நீ வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு. இந்தச் சம்பந்தம் உன்னாலதான் கெடப்போகுது" என்று தினேஷ் அப்போதே சொன்னான். பாவி... கருநாக்கு.

ஏனென்றால் சம்பந்தம் அத்தனை உறுதியாக இல்லை. சுகன்யா அக்காவின் அப்பா சிவபாலன் அங்கிள், துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கெலுகோரில் வீடு. அவர்கள் பக்கம் யாழ்ப்பாணம். எங்கள் பக்கம் சேலம். பினாங்கில் மூன்று தலைமுறையாக ஒரே பாசாரில் மீன் வாங்குகிறோம்; ஆனாலும் பெண் கொடுப்பது என்று வந்தால் கப்பல் எந்தத் துறையிலிருந்து கிளம்பியது என்று ஒரு தரம் பார்க்கத்தான் செய்கிறார்கள். அங்கிள் வந்தார், அம்மா போட்ட டீயைக் குடித்தார், "என்ர சகோதரங்களோட கதைச்சிட்டுச் சொல்லுறன்" என்றார். இரண்டு வாரம் அவகாசம்.

பதில் எப்படி வரும்? அதையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"வெள்ளிக்கிழமை காலமை, ராகு காலத்துக்கு முன்னம் போன் எடுப்பன். மெசேஜ் போடமாட்டன். மெசேஜ் எண்டா அறிவித்தல். போன் எண்டாத்தான் பேச்சு."

'எடுப்பது' என்றால் அவர் பேச்சில் கூப்பிடுவது. அவரிடம் இருப்பது பட்டன் போன். அதுகூடப் பிரச்சினை இல்லை. அடுத்து அவர் சொன்னதுதான் பிரச்சினை.

"நல்ல விஷயத்துக்கு எடுக்கிற முதல் கோல் கிடைக்கவேணும். கிடைக்காட்டி நான் ரெண்டாம் தரம் எடுக்கிறதில்லை."

சும்மா சொல்லவில்லை. மூத்த மகளுக்கு முதலில் பார்த்த இடத்துக்குக் கூப்பிட்டபோது லைன் பிசியாக இருந்ததாம். ரிசீவரை வைத்தவர், அந்த இடத்தையே விட்டுவிட்டார். அந்தப் பையன் இன்னும் பட்டர்வொர்த்தில் தனியாகத்தான் இருக்கிறான் என்று தினேஷுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். தினேஷ் இரண்டு வாரமாகத் தூங்கவில்லை.

ஆக, நிலைமை இதுதான்: எங்கள் அப்பாவின் போன். ஒரே ஒரு கால். சிக்னல் இல்லாத வீடு.

இனி வெள்ளிக்கிழமை.

நான் லீவு போட்டிருந்தேன். அம்மா கேசரி கிண்டியிருந்தார். எதற்கு என்று கேட்டால் "சும்மா, ரவை மிச்சம் இருந்துச்சு" என்றார். தினேஷ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஹாலில் நடந்துகொண்டிருந்தான். போனில் பேசப்போவது அப்பா. இவனுக்கு எதற்குப் புதுச் சட்டை? கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றவில்லை.

அப்பா எட்டரை மணிக்கே கம்பத்தடிக்குப் போய்விட்டார். போனைச் சட்டைப் பையில் வைக்காமல், கற்பூரத் தட்டு மாதிரி உள்ளங்கையில் ஏந்தியபடி நின்றார். போகிற வருகிறவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். "ஒண்ணுமில்ல... ஒரு கால்" என்றார்.

ஒன்பது நாற்பத்தெட்டுக்குத் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். அடுப்படி மேடையில் போனை வைத்துவிட்டு டம்ளரை எடுத்தார். போன் வீட்டு வைஃபையைப் பிடித்தது. ஒரு சின்ன அதிர்வு.

எட்டிப் பார்த்தேன்.

'புதிய அப்டேட் தயார்.'

உங்களுக்கு எப்படிச் சொல்வது... நான்கு மாதம்! காலையில் பல் தேய்ப்பதற்கு முன் என் போன், அப்பா போன் இரண்டின் செட்டிங்ஸுக்குள்ளும் போய்ப் பார்த்து, 'உங்கள் போன் புதுப்பித்த நிலையில் உள்ளது' என்ற பொய்யைப் படித்து, சோர்ந்து திரும்பிய நான்கு மாதம். இப்போது அது தானாகவே வந்து கதவைத் தட்டுகிறது. அதுவும் இன்றைக்கு. இந்தக் காலையில். இது முருகன் அனுப்பியது இல்லையென்றால் வேறு யார் அனுப்பியது?

முந்தைய நாள் சாயங்காலமே சுகன்யா அக்கா தினேஷிடம் சொல்லி அனுப்பியிருந்தார் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். "நாளைக்கு அப்டேட் வந்தாலும் வரும். அப்பா கால் வர்ற வரைக்கும் பவிகிட்ட அதைத் தொடவேண்டாம்னு சொல்லுங்க." வார்த்தை மாறாமல் என் காதில் விழுந்தது. விழுந்து, மறு காது வழியாக மரியாதையாக வெளியேறியது.

ஏனென்றால் எனக்கென்று ஒரு கணக்கு இருந்தது. மணி ஒன்பது ஐம்பது. ராகு காலம் பத்தரைக்கு. சுவரில் தொங்கும் காலண்டரில் தெளிவாகப் போட்டிருக்கிறது. ஓய்வு பெற்ற கிளார்க் எப்போது போன் செய்வார்? சரியாகப் பத்து மணிக்கு! அப்டேட் ஏழு நிமிடத்தில் முடிந்ததாக இணையத்தில் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஆக ஒன்பது ஐம்பத்தேழுக்கு முடியும். பத்து மணிக்கு அப்பா ஹாலில், மின்விசிறிக்குக் கீழே, ராஜா மாதிரி உட்கார்ந்து சம்பந்தி வீட்டுக் காலை எடுப்பார். கால்வாய் ஓரத்தில், கொசுக்கடியில் நின்றுகொண்டா மகனுக்குப் பெண் கேட்பது?

எவ்வளவு அழகான கணக்கு பாருங்கள்.

அழுத்தினேன்.

"என்னம்மா பண்ற?" என்றார் அப்பா, டம்ளரோடு.

"ஏழே நிமிஷம்ப்பா. நல்லதுக்குத்தான்."

போன் அணைந்தது. லோகோ வந்தது. கீழே ஒரு கோடு ஊர்ந்தது. பத்து... இருபத்திரண்டு... முப்பத்தேழு.

முப்பத்தேழு.

ஒன்பது ஐம்பத்தேழுக்கும் முப்பத்தேழு. ஒன்பது ஐம்பத்தெட்டுக்கும் முப்பத்தேழு. ஒரு எண்ணை இவ்வளவு நேரம் நான் உற்றுப் பார்த்தது எஸ்.பி.எம் பரீட்சை ரிசல்ட்டில்கூட இல்லை.

அப்போது தினேஷின் போன் 'டிங்' என்றது. சுகன்யா அக்காவிடமிருந்து வாட்ஸ்அப். அவன் படித்தான். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"என்னடா?" என்றார் அம்மா.

"அவங்கப்பா கூப்பிட்டாராம். போன் ஓஃப்ன்னு வந்துச்சாம்." மறுபடி திரையைப் பார்த்தான். "இப்ப பேப்பர் படிச்சிக்கிட்டு இருக்காராம்."

பேப்பர் படிப்பது இவ்வளவு பயங்கரமான செயல் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்பா என் கையில் இருந்த போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "ஒண்ணேகால் மணி நேரம் நின்னேன் பாப்பா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

தினேஷ் மட்டும் வாயைத் திறந்தான். "நாலு மாசமா அந்தப் பிள்ளையை நச்சரிச்ச. இப்ப அவங்கப்பா மனசையும் கெடுத்துட்ட. சந்தோஷமா? புது எமோஜி எத்தனை வந்திருக்கு, எண்ணிப் பாத்து எழுது!"

மெசேஜில் விளக்கினால் அவருக்கு அது அறிவித்தல்; யாராவது கெலுகோருக்கு நேரில் போய் விளக்க வேண்டும். யார் போவது? பதில் வருமுன் மாப்பிள்ளை பெண் வீட்டுப் படி ஏறக்கூடாது. அப்பா போனால் கெஞ்சப் போன மாதிரி. அம்மாவுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. மிச்சம் இருப்பது குற்றவாளி.

ஹெல்மெட்டை மாட்டினேன். சாட்சிப் பொருளைப் பைக்குள் போட்டேன். முப்பத்தொன்பது சதவீதம். மணி பத்து ஐந்து. ராகு காலத்துக்கு இருபத்தைந்து நிமிடம்!

கிரீன் லேனில் இத்தனை சிவப்பு விளக்கா? ஒவ்வொரு விளக்கிலும் பையைத் திறந்து பார்த்தேன். நாற்பத்து நான்கு. நாற்பத்து ஒன்பது. பக்கத்து மோட்டாரில் இருந்த ஒருவர், "பூனைக்குட்டியா தங்கச்சி?" என்று கேட்டார். "இல்லண்ணே, அண்ணன் கல்யாணம்" என்றேன். விளக்கு பச்சையாகிவிட்டது. அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார்.

பத்து இருபத்தாறு. சிவபாலன் அங்கிள் வீட்டு வாசல். அவர் போர்ச்சில், கைவைத்த நாற்காலியில், விரித்த பேப்பருக்குப் பின்னால் இருந்தார். பின்னாடி கதவில் சுகன்யா அக்கா. என்னைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"என்ன பிள்ளை, இந்த வேகத்தில வாறீர்?"

"அங்கிள்..." மூச்சு வாங்கியது. "போன் ஓஃப் இல்ல அங்கிள். அப்டேட் ஆகுது. நான்தான் அழுத்தினேன். அப்பா எட்டரைல இருந்து ரோட்டுல நின்னாரு. தண்ணி குடிக்க உள்ள வந்தாரு, அந்த நேரம் பாத்து நான்... இந்தா பாருங்க, இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு!"

பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அறுபத்தெட்டு.

அங்கிள் பேப்பரை மடித்தார். நான்காக. ஓரம் பிசகாமல். கண்ணாடியை இறக்கிக் கோட்டைப் பார்த்தார்.

"இதுக்கு எவ்வளவு காலம் காத்திருந்தனீர்?"

"நாலு மாசம் அங்கிள்."

"நாலு மாசம் பொறுத்தனீர்... இன்னும் பத்து நிமிசம் பொறுக்கேலாமப் போச்சோ?"

தலையைக் குனிந்தேன். இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

"உங்கட நம்பருக்கு எடுத்தனான். ஒரு பொம்பிளை மலாயில ஒரு தரம், இங்கிலீஷில ஒரு தரம், ஆள் இல்லையெண்டு சொல்லிப்போட்டா."

அப்போதுதான் சுகன்யா அக்கா வாயைத் திறந்தார். "அப்பா, மணி அடிச்சதா?"

"இல்லை."

"அடிச்சு எடுக்காம விட்டா அது வேற. லைன் பிசின்னாலும் வேற. இது போய்ச் சேரவே இல்ல. எங்க ஆபீஸ்ல இதைக் கால்னே எழுத மாட்டோம்."

அங்கிள் யோசித்தார். முப்பது வருடம் பதிவேட்டோடு வாழ்ந்த மனிதர். ஒரு சம்பவத்தை எந்தப் பத்தியில் எழுதுவது என்பது அவருக்கு விளையாட்டு இல்லை.

"மணி அடிக்காட்டி..." என்றார் மெதுவாக, "அது கோல் இல்லை."

எனக்கு அங்கேயே விழுந்து கும்பிடலாம் போல இருந்தது. ஆனால் மணி பத்து இருபத்தொன்பது!

"அங்கிள், அப்ப சீக்கிரம்! ஒரு நிமிஷம்தான் இருக்கு! ராகு காலம் வந்துரும்!"

அங்கிள் என்னை விநோதமாகப் பார்த்தார். "ஆர் சொன்னது?"

"காலண்டர்ல போட்டிருக்கு அங்கிள். வெள்ளிக்கிழமை பத்தரை."

"எந்த ஊர் காலண்டர்?"

"எங்க வீட்டுக் காலண்டர்..."

"அது அச்சடிச்சது இந்தியாக் கணக்கில. அங்க சூரியன் ஆறு மணிக்கு உதிக்கும். பினாங்கில இண்டைக்கு எத்தினைக்கு உதிச்சது? ஏழேகால் தாண்டி! ராகுவும் இஞ்சத்தைய நேரம்தான் பிள்ளை பாப்பார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிசம் இருக்கேக்கதான் துவங்குது."

கேட்டீர்களா? எத்தனை வருடமாக எங்கள் வீட்டில் வேறொரு ஊரின் வெர்ஷனை ஓட்டிக்கொண்டிருக்கிறோம்! எத்தனை நல்ல காரியங்களை நல்ல நேரத்தில் நிறுத்திவைத்து, சரியாக ராகு காலத்தில் தொடங்கியிருக்கிறோம்! போனில் நாட்டைக் காட்டும் 'ரீஜன்' மாறினால் ஊரைக் கூட்டும் நான், சுவரில் தொங்கும் ரீஜனை ஒரு நாளாவது செக் பண்ணினேனா?

அவசரம் போய்விட்டது. போன் எழுபத்து நான்கில் இருந்தது. அங்கிள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இரண்டு பேரும் உட்கார்ந்து கோட்டைப் பார்த்தோம்.

"துறையில கப்பலைக் கட்டுற மாதிரிக் கிடக்கு" என்றார். "கரைக்குக் கிட்ட வந்திடும். கயிறு போடுறதுக்குத்தான் நேரம் எடுக்கும். அவசரப்படுத்தினா இடிச்சுப்போடும்."

எண்பது. எண்பத்தொன்று. அந்த மனிதர் கண்ணை எடுக்கவே இல்லை. அப்டேட் கோட்டை இத்தனை மரியாதையோடு பார்க்கிற இன்னொருவரை நான் அன்றுவரை சந்தித்ததில்லை. சொல்லப்போனால் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொருத்தம் அங்கேதான் ஒட்டியது என்பேன்.

சுகன்யா அக்கா டீ கொண்டுவந்தார். கேட்டேவிட்டேன். "அக்கா, இப்பவாவது சொல்லுங்க. எதுக்கு நாலு மாசம்?"

"இப்பதான் வெளிய வந்திருச்சே, சொல்லலாம்." எதிரே உட்கார்ந்தார். "வைஃபைல பேசிக்கிட்டே வீட்டை விட்டு வெளிய நடந்தா, கால் டவருக்கு மாறணும்லா? மாறும்போது அறுந்துச்சு. பத்து தடவைல ரெண்டு தடவை. நாங்க திருப்பி அனுப்பினோம், அவங்க சரி பண்ணாங்க, மறுபடி அறுந்துச்சு, மறுபடி அனுப்பினோம். உங்க வீட்டு கேட்டுல இருந்து கம்பம் வரைக்கும் நான் எத்தன தடவை நடந்தேன் தெரியுமா? உங்க அண்ணன் நான் அவரைப் பாக்க வந்தேன்னு நினைச்சிக்கிட்டு இருக்காரு."

"யார் அப்படி வெளிய நடக்கப் போறா? அதுக்காக எங்களைக் காக்க வச்சீங்களா?"

"பவி, நீ ஃபேக்டரில என்ன வேலை பாக்குற?"

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் நானும் சிப் டெஸ்ட் பண்ணுகிறவள்தான். "எப்போது அனுப்புவீர்கள்?" என்று கஸ்டமர் எழுதினால், "சோதனை நடைபெறுகிறது" என்று ஒரே வரியில் பதில் போடுகிறவள்தான். எங்கோ ஒரு நாட்டில், என்னைப் பற்றி யாரோ ஒரு பத்தி எழுதிக்கொண்டிருக்கலாம்... இந்த உலகத்தில் எல்லாரும் யாரோ ஒருவருக்கு டெல்கோதான் போலிருக்கிறது.

நூறு!

போன் கண் விழித்தது. அங்கிள் கை தட்டினார் — நிஜமாகவே. வைஃபை காலிங் பொத்தானை ஆன் செய்தேன். எழுந்தேன்.

"அங்கிள்... பதில் என்னன்னு..."

"போனிலதான் சொல்லுவன். பதினொண்டேகாலுக்கு."

அக்காவைப் பார்த்தேன். ஒரு கண் சிமிட்டல்? ஒரு புருவம்? ம்ஹூம். ரிலீஸ் டேட்டுக்கு வைத்திருந்த அதே முகம்.

பதினொன்று பத்துக்கு வீட்டில் இருந்தேன். அப்பாவை ஹாலில், மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தேன். போன் டீப்பாயின் மேல். திரையின் மூலையில் வைஃபை காலிங்கின் சின்னக் குறி. நாங்கள் மூவரும் சுற்றி நின்றோம். தினேஷின் புதுச் சட்டை வியர்வையில் பழையதாகியிருந்தது. "அப்பா, அடிச்சா அப்படியே எடுங்க. எங்கயும் போகவேண்டாம்" என்றேன். ஐந்து முறை சொன்னேன். அவரும் ஐந்து முறை தலையாட்டினார்.

பதினொன்றே கால்.

அடித்தது.

எங்கள் வீட்டுக்குள், நான்கு சுவருக்கு நடுவில், முதல் தடவையாக ஒரு போன் அடித்தது! நான் துள்ளினேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா எடுத்தார், "ஹலோ, வணக்கங்க" என்றார் —

எழுந்து ஓடினார்.

இருபது வருடப் பழக்கம்! போனில் பேச்சு என்றால் கால் தானாகக் கம்பத்துக்குப் போகும்! ஹாலைத் தாண்டினார், செருப்பை மாட்டினார், கேட்டைத் திறந்தார்.

"அப்பா! உள்ளயே பேசுங்க!"

"ஐயோ, அறுந்துரும்பா! திரும்பி வாங்க!"

கேட்கிறாரா? ஒரு கையால் எங்களைச் 'சும்மா இருங்க' என்று அடக்கிக்கொண்டே ரோட்டில் இறங்கினார். வைஃபை முடியும் இடம் எனக்குத் தெரியும்: எங்கள் தபால் பெட்டி. அதைத் தாண்டினார். தினேஷ் என் தோளைப் பிடித்தான். விரல் பதிந்துவிட்டது, இன்னும் லேசாக வலிக்கிறது. நான் மூச்சு விடவில்லை.

அப்பா பேசிக்கொண்டே நடந்தார். "ஆமாங்க... கேக்குதுங்க... நல்லா கேக்குது" என்றார். ரோட்டைத் தாண்டினார். "சொல்லுங்க" என்றார். கம்பத்தைத் தொட்டார்.

அறுபடவில்லை! பத்தில் எட்டு இல்லை, பத்தில் பத்து! அந்தப் பதினைந்து அடியை ஒருத்தி நான்கு மாதம் திரும்பத் திரும்ப நடந்து சரிசெய்து வைத்திருந்தாள். அதன் மேல் அப்பா ரப்பர் செருப்போடு நடந்துபோனார். தெரியவே இல்லை அவருக்கு. தெரியாமல் இருக்கத்தானே அத்தனை நடை!

அப்புறம் அப்பா கேட்டுக்கொண்டார். வெறும் "ம்... ம்..." மட்டும். நாங்கள் கேட்டுக்குள் வரிசையாக நின்று அவர் முதுகைப் படிக்க முயன்றோம். முதுகில் என்ன தெரியும்? ஒரு தடவை கம்பத்தில் சாய்ந்தார். ஒரு தடவை மூக்கைத் துடைத்தார்.

போனைக் காதிலிருந்து எடுத்து, பேசும் துளையைக் கையால் பொத்திக்கொண்டு, திரும்பி, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார்:

"டேய், தட்டு மாத்த எப்போ வரலாம்னு கேக்குறாங்கடா!"

மூன்று வீட்டு ஜன்னல் திறந்தது. தினேஷ் தரையில் உட்கார்ந்துவிட்டான். அம்மா கேசரியைக் கிண்ணத்தோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கே போய்விட்டார். நான் ஏன் அழுதேன் என்று தெரியவில்லை, சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆவணியில் கல்யாணம். முகூர்த்தத்தைப் பினாங்கு நேரத்துக்குச் சிவபாலன் அங்கிளே குறித்துத் தருகிறார்.

அடுத்த வெர்ஷன் கல்யாணத்துக்கு முன்னா, பின்னா என்று வருங்கால அண்ணிக்கு நேற்றே மெசேஜ் போட்டுவிட்டேன். "உன் பொறுமைக்கு நன்றி" என்று பதில் வந்திருக்கிறது!